ஈசானிய மூலைப் பாசி

பச்சைத் தண்ணீர் நிரம்பிய பாட்டிலைச் சந்திரகலா கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த சாராள் அதைக் கையில் எடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்தக் கிழமை எடுத்த தண்ணி?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை. எப்பவும் சனிக்கிழமைதான் இந்தக் கதி. புதன்கிழமை சுத்தம் பண்றாங்க. வியாழக்கிழமை கலங்குது, வெள்ளிக்கிழமை படி வழுக்குது, சனிக்கிழமை பார்த்தா எருமை குளிக்கிற குட்டை மாதிரி நிக்குது."

சாராளுக்கு அறுபத்தொரு வயது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வாடையா, தொட்டித் தண்ணீரில் துணி மஞ்சளாகிறதா, சுற்றுவட்டாரத்தில் யாருக்குத் தண்ணீரில் வில்லங்கம் வந்தாலும் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் எங்கே கிளம்பினாலும் வண்டி ஓட்டுவது அன்புசெல்வன். தண்ணீர் லாரி வைத்திருப்பவன். நாற்பது வயதாகியும் துப்பறியும் ஆசை தீராதவன்.

"யாரோ வேணும்னே பண்றாங்கக்கா" என்றான் அவன், முழுதும் கேட்பதற்கு முன்பே.

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் சந்திரகலா. "அத உங்க கையெழுத்தோட எழுதி வாங்கத்தான் வந்தேன்."

அவள் சொன்ன கதை நீளமானது. கணவர் துளசிராமனுக்குப் பரம்பரை நிலம். பாதியைத் தொழிற்சாலைக்கு விற்றது போக மீதியில் இன்னும் நெல் வைக்கிறார். மகள் அருணா மாவட்ட அளவில் நீச்சலில் மெடல் வாங்கியதும் வீட்டுக்குப் பின்னாலேயே நீச்சல் குளம் கட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் மாநிலத் தேர்வு. இந்தத் தண்ணீரில் நீந்தி நீந்திப் பெண்ணுக்கு இரண்டு முறை காதில் சீழ் வைத்துவிட்டது. குளத்தைப் பராமரிக்கச் சென்னைக் கம்பெனி ஒன்று ஆள் அனுப்புகிறது. அந்த ஆள்தான் அந்தோணி. குளோரினைக் கொட்டாமல் வெளியே கொண்டுபோய் விற்கிறான் என்பது சந்திரகலாவின் முடிவு.

"சும்மா சொல்லல. போன மாசம் அவன் மூணு வாரம் லீவு. பரத்துன்னு வேற பையன் வந்தான். அதே மருந்து, அதே அளவு. மூணு வாரமும் தண்ணி கண்ணாடி. இவன் திரும்பி வந்த முதல் வாரமே பாசி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அன்புசெல்வன் தொடையைத் தட்டிக்கொண்டான்.

போன வாரம் கணவரும் வேலைக்காரர்களும் பார்க்க அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டதாகவும், கம்பெனியில் அதையே எழுத்தில் கேட்கிறார்கள் என்றும் சந்திரகலா சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் போனால் அவனுக்கு வேலை போய்விடும். இந்தத் தொழிற்பேட்டையில் வேறு எந்தக் கேட்டிலும் அவனை உள்ளே விடமாட்டார்கள். தட்டச்சு செய்த கடிதம் அவள் பையிலேயே இருந்தது, சாராளின் கையெழுத்தும் அவளுடையதும்தான் பாக்கி.

"கையெழுத்து எங்க ஓடிப்போகுது?" என்றார் சாராள். "நாளைக்குப் புதன்கிழமை. அவர் வேலை செய்யறப்ப நான் வந்து பார்க்கறேன்."

'அவர்' என்று சாராள் சொன்னது சந்திரகலாவுக்குக் கொஞ்சம் விநோதமாகப் பட்டது.

மறுநாள் மாலை சாராளும் அன்புசெல்வனும் வந்தபோது துளசிராமனே வாசல்வரை வந்து வரவேற்றார். அந்தோணியைப் பற்றிக் கேட்டதற்கு அவர் குரலில் கோபமே இல்லை. "ரொம்ப நாளாத் தெரியும்ங்க. அவங்கப்பாதான் எங்க கிணத்துக்கு வருஷா வருஷம் தூர் வாருவாரு. நல்ல குடும்பம். எழுதிக் குடுக்காத, ஆளை மட்டும் மாத்திடலாம்னு இவகிட்ட சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறா."

தன் கணவர் எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று சந்திரகலாவுக்குப் பெருமையாக இருந்தது.

அந்தோணி அரைக்கால் சட்டையோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவனைப் பார்த்ததும் சந்திரகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று பேருக்கும் காபி கொண்டுவரச் சொன்னாள். சாராளுக்கும் அன்புசெல்வனுக்கும் எவர்சில்வர் டவரா டம்ளர். அந்தோணிக்கு, எப்போதும்போல, பேப்பர் கப்பைக் குளத்தின் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள் சமையற்காரி. சாராளின் பார்வை அந்தக் கப்பில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குளத்தைச் சுற்றி வந்தார்.

"எங்க முதல்ல பாசி புடிக்குது, அந்தோணி?"

"அதோ, படிகிட்ட மேடம். அந்த மூலைதான். எத்தினி தேய்ச்சாலும் அங்கதான் மொதல்ல கறுக்கும். அங்கேர்ந்து பரவும்."

அது வடகிழக்கு மூலை. படிக்கு மேலே, தண்ணீர் தொடாத சிமென்ட் விளிம்பில் செம்மண் நிறத்தில் நாலைந்து சொட்டுத் தடங்கள் காய்ந்திருந்தன.

"ரத்தம்" என்றான் அன்புசெல்வன் தாழ்ந்த குரலில்.

"அரை மூடி எலுமிச்சம்பழம் கிடைக்குமாம்மா?" என்று கேட்டார் சாராள். வந்ததும் ஒரு தடத்தின்மேல் பிழிந்தார். சிவப்பு மெல்லக் கரைந்து பளிச்சென்று மஞ்சளானது. இந்த நிறமாற்றத்தை எங்கேயோ பலமுறை பார்த்ததுபோல் சந்திரகலாவுக்குத் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

அந்தோணியின் பிளாஸ்டிக் வாளியில், தேய்ப்பானுக்கு அடியில், காய்ந்த மாவிலைக் கொத்துகள் மூன்று கிடந்தன. சாராள் ஒன்றைக் காம்போடு எடுத்தார்.

"இது ஏது?"

"வடிகட்டில வந்து சிக்கிக்கினு இருக்கும் மேடம்."

"இந்தக் காம்பவுண்டுல மாமரம் எங்க இருக்கு? தென்னையும் வேம்பும்தான் தெரியுது."

"காத்துல வந்திருக்கும்." அவன் தலை நிமிரவில்லை. திருட்டு முழி என்று சந்திரகலா நினைத்துக்கொண்டாள்.

குளோரினை அளந்து போட்டதையும், கலக்கியதையும் சாராள் பக்கத்திலேயே நின்று பார்த்தார். சின்னக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, குளோரின் அளவைக் காட்டும் சோதனை மருந்து இரண்டு சொட்டு விட்டார். மஞ்சள் ஏறியது. "மூணு. சரியான அளவு" என்றார். அதே தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து இறுக மூடி, படிக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

மாட்டுக்கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டபோது சந்திரகலாவுக்குப் பொறுமை போய்விட்டது. மாட்டுக்கும் பாசிக்கும் என்ன? ஆனாலும் கூடப் போனாள். காவலுக்கும் மாட்டுக்கும் சேர்த்து இருக்கும் முனுசாமி, மூலையிலிருந்த நீல டிரம்மின் மூடியைத் திறந்து காட்டினான். புளித்த வாடை குப்பென்று வந்தது.

"பஞ்சகவ்யம்மா. சாணம், கோமியம், பாலு, தயிரு, நெய்யி. வயலுக்குத் தெளிக்கறது. அடிச்சா நாலே நாள்ல பயிரு எப்டி பச்ச கட்டும் தெரியுமா?"

"அறுப்பு முடிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆவுது."

"அப்ப இது புதுசா கலக்குனதா இருக்கே?"

முனுசாமி அன்புசெல்வன் பக்கம் திரும்பிச் சிரித்தான். "ஐயா கலக்கச் சொன்னா கலக்கறேன் நைனா. எதுக்குன்னு கேட்டுகினு இருந்தா என் பொழப்பு பேஜாராயிடும்."

திரும்பும்போது சாராள் பரத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவனும் தண்ணீரில் இறங்கித்தான் தேய்த்திருக்கிறான். மருந்தும் அதே அளவுதான். அந்த மூன்று வாரமும் மாவிலை எதுவும் சிக்கவில்லையாம்.

"அந்த வீட்டுக்காரர் உன்கிட்ட நல்லாப் பழகினாரா?"

"நல்ல மனுசன் மேடம். போன அன்னிக்கே எந்த ஊரு, ஊருல எந்தத் தெரு, யாரு பையன்னு எல்லாம் விசாரிச்சாரு. அப்புறம் உள்ளயே கூப்பிட்டு நாஷ்டா போட்டாரு."

சாராள் போனை அணைத்தார். "அந்தோணிகிட்ட உங்க வீட்டுக்காரர் அப்படி விசாரிச்சிருப்பாரா?" என்று சந்திரகலாவைக் கேட்டார்.

"அவனை எதுக்கு விசாரிக்கணும்? அவன் யாருன்னுதான் எங்களுக்குத் தெரியுமே."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் காதில் விழுந்தது. விழுந்ததும் ஏதோ இடறியது. அதை ஒதுக்கிவிட்டு, குளத்தின் கதவைப் பூட்டினாள். எட்டடிச் சுவர், இரும்புக் கதவு, போன மாதம் வாங்கிய புதுப் பூட்டு. அந்தோணிக்குக்கூடச் சாவி கிடையாது. அவன் வரும்போது அவளேதான் திறந்துவிடுகிறாள். ஒரு சாவி அவளிடம், இன்னொன்று துளசிராமனின் கொத்தில்.

வாசலில் லாரியைப் போட்டுக் காவல் இருக்கட்டுமா என்று அன்புசெல்வன் ஆவலாகக் கேட்டான். "வேண்டாம் அன்பு" என்றார் சாராள். "வெளியிலேர்ந்து யாரும் வரப் போறதில்ல."

வியாழக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே சாராள் வந்துவிட்டார். அந்தோணியையும் வரச் சொல்லியிருந்தார். துளசிராமன் குளித்து நெற்றியில் விபூதியோடு வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அருணா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். முனுசாமி கொஞ்சம் தள்ளி நின்றான். சந்திரகலா கடிதத்தையும் பேனாவையும் கையில் வைத்திருந்தாள்.

சாராள் இரண்டு குழாய்களை எடுத்தார். மூடி வைத்த பாட்டில் தண்ணீரை ஒன்றில் ஊற்றிச் சொட்டு விட்டார். நேற்றைப் போலவே மஞ்சள். குளத்துத் தண்ணீரை இன்னொன்றில் ஊற்றிச் சொட்டு விட்டார். நிறமே வரவில்லை.

"ஒரே தண்ணி, ஒரே மருந்து" என்றார். "பாட்டில்ல இருக்கறது அப்படியே இருக்கு. குளத்துல இருந்தது காணோம். வெயில் பட்டா குளோரின் குறையும், சரி. இன்னும் வெயிலே வரலையே? அப்ப நேத்து சாயங்காலத்துக்கும் இப்பத்துக்கும் நடுவுல குளத்துல ஏதோ விழுந்திருக்கு. குளோரினைத் திங்கற ஏதோ ஒண்ணு."

"அந்தோணி சரியா போட்டதை நானே பாத்தேன்" என்றான் அன்புசெல்வன், சற்று ஏமாற்றத்தோடு. "அப்ப இவரு திருடல."

"திருடல. போன வாரமும் திருடல. மூணு வாரக் கணக்கை எல்லாரும் தலைகீழாப் படிச்சுட்டீங்க. அந்தோணி வந்தா பாசி, பரத் வந்தா பாசி இல்ல. அதனால அந்தோணி ஏதோ செய்யறார்னு நினைச்சீங்க. அந்தோணி இறங்கினதாலேயே வேற யாரோ ஏதோ செய்யலாம் இல்லையா? பரத் இறங்கினா அதைச் செய்ய வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்ல."

வடிகட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

சாராள் ஈசானிய மூலைக்கு நடந்தார். "மஞ்சள் தண்ணி சுண்ணாம்பு பட்டா சிவக்கும். சிமென்ட்லயும் சுண்ணாம்பு இருக்கு. புளிப்பு பட்டா மறுபடியும் மஞ்சளாயிடும். கல்யாண வீட்டுல ஆரத்தி கரைச்ச எல்லாருக்கும் இது தெரியும்."

சந்திரகலாவுக்கு இப்போது பிடிபட்டது. எங்கே பார்த்தோம் என்பது மட்டுமல்ல. வியாழக்கிழமை தோறும் பூஜை அறையில் பித்தளைச் செம்பு ஈரமாகக் கவிழ்ந்திருக்கும். 'அதிகாலையிலேயே பூஜையா?' என்று ஒருமுறை கேட்டதற்குக் கணவர் சிரித்துவிட்டுப் போனார். சாராள் இதோடு நிறுத்திக்கொண்டால் தேவலை என்று நினைத்தாள்.

"மாமரம் இல்லாத காம்பவுண்டுல மாவிலைக் கொத்து. அறுப்பு முடிஞ்ச பிறகும் புதுசா கலக்கற பஞ்சகவ்யம். அது தீட்டுக் கழிக்கவும் ஆகும், உரத்துக்கும் ஆகும். வயலுக்குத் தெளிச்சா பச்சை கட்டுது. குளத்துல ஊத்தினா மட்டும் கட்டாதா? கோமியம் குளோரினைத் தின்னுடும். மீதியைத் தின்னு பாசி வளரும். படில நின்னு ஊத்தறதால அந்த மூலைதான் முதல்ல கறுக்குது." சாராள் கதவின் பூட்டைக் காட்டினார். "சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. சந்திரகலா என்னைத் தேடி வந்தவங்க."

எல்லோரும் துளசிராமனைப் பார்த்தார்கள். அவர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது.

"எங்கப்பா செய்வாரு" என்றார் கடைசியில். "தூர் வாரி முடிச்சதும் கிணத்துக்குச் செய்வாரு. நான் கூட நின்னு பார்த்தவன். யாரையும் கேவலப்படுத்தணும்னு இல்லீங்க. கை பழகிடுச்சு. செய்யலேன்னா ஒரு மாதிரி இருக்கும். அதனால பாசி வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"பாசி வரும்னு தெரியாது, சரி" என்றார் சாராள். "இவரைத் திருடன்னு சொன்னப்ப பக்கத்துலதான இருந்தீங்க? குளத்துல நான் ஒண்ணு ஊத்தறேன்னு சொல்லியிருக்கலாமே."

துளசிராமன் மறுபடியும் நகத்தைப் பார்த்தார். சொல்லக்கூடிய விஷயமாக அது இருந்தால் பூட்டைத் திறந்து விடியுமுன் செய்ய வேண்டியிருந்திருக்காது என்று சந்திரகலா நினைத்தாள்.

"நீந்தறப்ப அந்தத் தண்ணி என் வாய்க்குள்ள போகுதுப்பா" என்றாள் அருணா. துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்புசெல்வன்தான் அந்தோணியிடம் கேட்டான். "இன்னாண்ணே, மாவிலையப் பாத்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

அந்தோணி வாளியிலிருந்த கொத்துகளைப் பார்த்தார். "தெரியும். சின்ன வயசுல எங்கப்பா கூட வந்துகினு இருந்தப்ப கிணத்தாண்ட பாத்திருக்கேன். அப்பா கிணத்த வுட்டு மேல ஏறினதும் ஊத்துவாங்க. சாமி கும்புடறாங்க, வாடான்னு இட்டுனு பூடுவாரு."

"பின்ன சொல்றதுக்கு இன்னா? திருடன்னு பேரு வாங்கிகினு நிக்கறியே!"

"எப்டிபா சொல்றது? நான் எறங்குன தண்ணி தீட்டுன்னு என் வாயாலயே சொல்லணும். என் பொண்ணு காலேஜ்ல படிக்குது. திருட்டுன்னா, எடுக்கலன்னு அதுகிட்ட சொல்லிக்கலாம். இத இன்னான்னு சொல்ல?" அவர் வாளியைத் தூக்கிக்கொண்டார். "செய்யறவங்களுக்கு வராத வெக்கம் எனக்கு வந்துச்சு. அதான் எல எல்லாத்தையும் எடுத்து எடுத்து மறைச்சேன்."

சந்திரகலாவால் நிமிர முடியவில்லை. கையிலிருந்த கடிதத்தைக் கிழித்தாள். கணவர்தானே செய்தார், நான் செய்யவில்லையே என்று மனசுக்குள் ஒரு குரல் ஓடிவந்தது. அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அன்புசெல்வன், "எப்பக்கா சந்தேகம் வந்துச்சு? டிரம்மப் பாத்தப்பவா?" என்று கேட்டான்.

"அதுக்கு முன்னாடியே" என்றார் சாராள், குழாய்களைக் கழுவிக்கொண்டே. "காபி வந்தப்ப."

சந்திரகலா வீட்டுக்குள் போனாள். தானே பாலைச் சுட வைத்து, டிகாஷனை ஊற்றி, நல்ல டவரா டம்ளரைத் தேடி எடுத்துக் காபி கொண்டுவந்தாள். அந்தோணிக்கு எதிரில் நீட்டினாள். "குடிங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் 'ங்க' அது.

"வேணாம்மா. கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் குடுக்கணும்னீங்களே. அத எழுதிக் குடுங்க. நான் எடுக்கலன்னு. பாசிக்குக் காரணமும் போடணும், இல்லாட்டி நம்ப மாட்டாங்க."

டம்ளரை விளிம்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். பெயர், தேதி, திருடவில்லை என்பது, மன்னிப்பு எல்லாம் வந்துவிட்டன. 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"தண்ணி கோளாறுன்னு போடேன்" என்றார் துளசிராமன் மெதுவாக. "இத்தனை வருஷம் ஊர்ல இருக்கோம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. 'என் கணவர்' என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு, 'நாங்கள்' என்று எழுதினாள். என்ன ஊற்றினார்கள், எதற்காக ஊற்றினார்கள் என்று இரண்டே வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தோணி நின்றபடியே ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"தண்ணிய முழுசா எறச்சிட்டு, அந்த மூலைய கம்பி பிரஷ்ல தேய்ச்சு, புதுசா ரொப்பணும். ஆபீஸ்ல சொல்றேன். அடுத்த வாரத்துலேர்ந்து பரத்து வருவாரும்மா." சாராளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு அவர் கதவைத் தாண்டிப் போனார்.

எல்லோரும் போன பிறகு சந்திரகலா குளத்தின் விளிம்பிலிருந்து டம்ளரை எடுத்தாள். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, கழுவுகிற பாத்திரங்களோடு சேர்க்காமல், அவள் கை அதைத் தன்பாட்டுக்கு ஜன்னல் திட்டில் தனியாக வைத்தது. வைத்த பிறகுதான் பார்த்தாள்.

அவர் அதைத் தொடக்கூட இல்லை.